பருத்தியின் கதையைச் சொல்லும் கலைத்துணி நெய்ய என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

கேள்வி இது: "எளிய நெசவு தெரியும், வீட்டில் ஒரு மிதிதறி இருக்கிறது. பருத்தியின் வரலாறு, அது மண்ணுக்கும் நீருக்கும் செய்தது இரண்டையும் பேசும் ஒரு சுவர்த்துணியை, சுமார் 60 செ.மீ. அகலம், 120 செ.மீ. நீளத்தில் நெய்ய ஆசை. எந்த நூல், எந்தச் சாயம், எங்கே சறுக்கும்?"

இந்தத் தலைப்பை எடுப்பவர்களில் பலர் பருத்திக் காயையோ கப்பலையோ துணியில் படமாக்கிவிடுகிறார்கள். படம்தான் வேண்டுமென்றால் தூரிகை போதும். பருத்தி நூலைப் பிரித்துப் பார்த்தாலே அதன் வரலாறு தெரியும்: எந்த இனப் பஞ்சு, எந்தப் பக்கம் முறுக்கியது, கொட்டையை எப்படிப் பிரித்தார்கள், எதில் தோய்த்தார்கள். இந்த நான்கையும் கையில் எடுத்துக்கொண்டால் துணியில் ஒரு உருவம்கூட இல்லாமல் கதையைச் சொல்லிவிடலாம். கீழே சொல்வதெல்லாம் அந்த வழிக்கானது.

பஞ்சிலிருந்து தொடங்குவோம். மனிதர் பயிராக்கிய பருத்தி இனங்கள் நான்கு. ஆர்போரியம், ஹெர்பேசியம் இரண்டும் பழைய உலகத்தவை, அதாவது ஆசியா, ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை. இழை குட்டை, பெரும்பாலும் 25 மி.மீ.க்குள். கருங்கண்ணி ஆர்போரியத்தில் ஒரு வகை. ஹிர்சூட்டம், பார்படென்ஸ் இரண்டும் அமெரிக்கக் கண்டங்களில் பயிரானவை. ஹிர்சூட்டத்தின் இழை 25 முதல் 32 மி.மீ. வரை, பார்படென்ஸ் 35 மி.மீ.யையும் தாண்டும். இன்று உலகில் விளையும் பருத்தியில் ஏறத்தாழ 90 சதவீதம் ஹிர்சூட்டம்தான். நூற்பாலை இயந்திரங்கள் நீள இழையை எதிர்பார்த்துக் கட்டப்பட்டதும் குட்டை இழை ஓரங்கட்டப்பட்டதற்கு ஒரு முக்கியக் காரணம். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1861 முதல் 1865 வரை, இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்கு அமெரிக்கப் பஞ்சு வராமல் போய் இந்தியப் பஞ்சு வந்தது. நூல் ஓயாமல் அறுந்தது. 'சூரத்' என்ற சொல்லே அங்கே மட்டமான சரக்குக்குப் பெயராகிவிட்டது. அதே பஞ்சு கைராட்டையில் நன்றாகவே ஓடும். பஞ்சில் குறையில்லை, அது இயந்திரத்துக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே ஊடையில் (துணியில் குறுக்கே போகும் நூலில்) ஒரு பகுதிக்காவது குட்டை இழைக் கைநூல் வேண்டும். அதை மென்மையாக முறுக்கினால் நூல் பிரிந்துவிடும். முறுக்கைக் கணக்கிட நூற்பாலைகளிலேயே ஒரு எளிய வழி உண்டு: நூல் எண்ணின் (அது என்னவென்று அடுத்த பத்தியில்) வர்க்கமூலத்தை ஒரு எண்ணால் பெருக்கினால் ஓர் அங்குலத்துக்கு எத்தனை முறுக்கு என்று வரும். நீள இழை ஊடைக்கு அந்தப் பெருக்கெண் 3.5 போதும். குட்டை இழைக்கு 4.5 வையுங்கள். 10ஆம் எண் நூலென்றால் வர்க்கமூலம் 3.16, அதாவது அங்குலத்துக்குச் சுமார் 14 முறுக்கு. ஓர் அங்குல நூலை இரு முனையிலும் பிடித்து, இழைகள் இணையாக விரியும்வரை திருப்பி எண்ணிப் பாருங்கள். 10க்குக் கீழே இருந்தால் ஊடையாகக்கூட அது தேறாது. நாடா (ஊடையைக் கொண்டுபோகும் ஓடம்) ஓடும்போதே விட்டுப்போகும்.

நூல் எண் என்பது ஒரு பவுண்டு எடையில் 840 கெஜச் சிட்டங்கள் எத்தனை என்ற கணக்கு. எண்ணை 1.69ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கு எத்தனை மீட்டர் என்று கிடைக்கும். 10ஆம் எண் ஒற்றை நூலும், 20ஆம் எண் இரண்டைச் சேர்த்து முறுக்கிய 2/20 நூலும் ஒரே கனம்: கிராமுக்குச் சுமார் 17 மீட்டர். இதை நினைவில் வையுங்கள், பின்னால் உதவும்.

நூலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாருங்கள். முறுக்குக் கோடு வலப்பக்கமாக ஏறினால் இசட் முறுக்கு, இடப்பக்கமாக ஏறினால் எஸ் முறுக்கு. பழைய இந்தியப் பருத்தி நூல் இசட். நைல் சமவெளியில் நூற்றது எஸ். பெருவின் வடகடற்கரையிலும் எஸ் முறுக்கே மிகுதி. செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில் தோண்டியெடுத்த பருத்தித் துணிகளில் எவை இந்தியாவிலிருந்து வந்தவை என்று ஆய்வாளர்கள் பிரித்தறிய இந்த இசட் முறுக்கே முக்கியத் தடயம். இதைத் துணியிலேயே காட்டலாம், சாயம் எதுவும் வேண்டாம். ஒரே வெள்ளை நூலில் 3 செ.மீ. இசட், 3 செ.மீ. எஸ் என்று ஊடையை மாற்றி மாற்றி அடித்தால், நேரே பார்க்கும்போது வெறும் வெள்ளைத் துணி. பக்கவாட்டு வெளிச்சம் விழுந்ததும் பட்டைகள் எழும். பாவு (நீளவாக்கில் போகும் நூல்) எஸ் முறுக்காக இருந்து ஊடை இசட்டாக இருந்தால், துணியின் முகத்தில் இரண்டின் முறுக்குக் கோடுகளும் ஒரே பக்கம் சாயும். அந்தப் பட்டை வழவழப்பாக மின்னும். ஊடையும் எஸ்ஸாக இருந்தால் கோடுகள் எதிரெதிர் சாய்ந்து, இழைகள் ஒன்றுக்குள் ஒன்று அழுந்தி, பட்டை மங்கலாகவும் சொரசொரப்பாகவும் தெரியும்.

இரு பக்கமும் நூற்க வராதவருக்கு ஒரு குறுக்குவழி. ஆலை ஒற்றை நூல் ஏறக்குறைய எப்போதும் இசட். இரட்டை நூலைச் சேர்க்கும்போது எதிர்ப்பக்கம் முறுக்குவதால் அது எஸ். ஆகவே 10ஆம் எண் ஒற்றையையும் 2/20ஐயும் வாங்கிவிட்டால் கனம் ஒன்று, முறுக்கு வேறு. இரண்டும் கையில் ஒன்றுபோலவே இருக்கும், தார் (நாடாவுக்குள் வைக்கும் நூல் சுற்று) மாறிவிடும். எஸ் தார்களின் அடியில் ஒரு கறுப்பு நூலைக் கட்டிவைப்பது நல்லது. மாறியது துவைத்துக் காய்ந்த பிறகுதான் தெரியும், அப்போது செய்ய ஒன்றுமில்லை.

இனி அளவு. முடிந்த நீளம் 120 செ.மீ. வேண்டுமென்றால், துவைத்ததும் 10 சதவீதம் சுருங்கும் என்று வைத்து 133 செ.மீ. நெய்ய வேண்டும். பாவு ஊடைக்கு மேலும் கீழும் வளைந்து போவதில் 8 சதவீதம் போகும், ஆக 144. தறியில் வீணாவது 75, மாதிரிக்கு 50. மொத்தம் 2.7 மீட்டர். அச்சில் (பாவிழைகளைப் பிரித்து நிறுத்தும் சீப்பில்) அகலம் 67 செ.மீ. வையுங்கள். செ.மீ.க்கு 10 பாவிழை, அதாவது 5 பல் அச்சில் பல்லுக்கு 2. கரைகளில் இரட்டிக்க 10 சேர்த்து 680 இழை. 680 × 2.7 = 1,836 மீட்டர், 2/20 நூலில் 108 கிராம்; 150 கிராம் வைத்துக்கொள்ளுங்கள். ஊடை செ.மீ.க்கு 14 விழ வேண்டும். பாவு சற்று இளகி ஊடை நெருக்கமாக இருந்தால்தான் முறுக்கின் வேறுபாடு கண்ணுக்குப் படும். நாடா ஒருமுறை குறுக்கே போவது ஓர் ஓட்டம். 133 × 14 = 1,862 ஓட்டம், ஓட்டத்துக்கு 70 செ.மீ., ஏறத்தாழ 1,300 மீட்டர். எடை 77 கிராம்; 120 கிராம் எடுத்துவையுங்கள். மாதிரிக்கென்று விட்ட 50 செ.மீ.யைத் தயவுசெய்து மிச்சம்பிடிக்க வேண்டாம். ஒவ்வொரு பட்டையும் முதலில் அங்கேதான் நெய்து, வெட்டி, துவைத்துப் பார்க்கப்பட வேண்டும்.

கைநூலைப் பாவில் போட ஆசை வரும். போடலாம், ஆனால் கஞ்சி போடாமல் முடியாது. 100 கிராம் நூலுக்கு 10 கிராம் மாவு, 600 மி.லி. நீர், கட்டியில்லாமல் காய்ச்சி, ஓரிரு துளி எண்ணெய் விட்டு, நனைந்த சிட்டத்தை அதில் அமுக்கிப் பிழிந்து, எடை கட்டி விறைப்பாகத் தொங்கவிடுங்கள். பாதி காயும்போது ஒருமுறை இழைகளைப் பிரித்து உதறாவிட்டால் ஒட்டிக்கொண்டு, விழுதில் (பாவிழையைத் தூக்கும் கண்ணியில்) கோக்கும்போது சிக்கும். இன்னொன்று: கைநூலையும் ஆலைநூலையும் ஒரே பாவில் கலந்தால் இரண்டும் வேறு வேறு அளவில் நீண்டு சுருங்கும், துவைத்ததும் துணி அலையலையாக எழும். கலக்கத்தான் வேண்டுமென்றால் தனி உருளையில் சுற்றி இழுவிசையைத் தனியாக வைக்க வேண்டும். முதல் துணியில் இந்தத் தலைவலி தேவையா? பாவு 2/20, ஊடையில் மட்டும் கைநூல் என்பதே என் யோசனை.

சாயம். இங்கேதான் நேரமும் பொறுமையும் அதிகம் போகும். பருத்தி இழையின் மேல் மெழுகு உண்டு. அது போகாமல் தோய்த்தால் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். நூலின் எடையில் 5 சதவீதம் சலவைச் சோடாவும் சிறிது சோப்பும் போட்டு 1 முதல் 2 மணி நேரம் கொதிக்கவிடுங்கள். நீர் தேயிலைக் கஷாயம்போல் பழுப்பாகும். காய்ந்த நூலில் ஒரு சொட்டு நீர் விட்டால் முத்தாக நிற்காமல் உடனே உள்ளே இறங்க வேண்டும். நின்றால் மறுபடி வேகவையுங்கள்.

சிவப்புக்கு: நூல் எடையில் 20 சதவீதம் கடுக்காய்ப் பொடி, 50 முதல் 60 டிகிரி வெந்நீரில் 1 முதல் 2 மணி நேரம். பிழிந்தபின் அலசாமல், 15 சதவீதம் படிகாரமும் 2 சதவீதம் சலவைச் சோடாவும் தனித்தனியே கரைத்துச் சேர்த்த நீரில் ஓர் இரவு. சேர்க்கும்போது பொங்கும், பெரிய பாத்திரம் எடுங்கள். பிறகு மேடர் வேர், நூலின் எடைக்குச் சமமாக. ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டு மெல்ல 70 டிகிரிக்குக் கொண்டுபோய் அங்கேயே ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். சூடு அதைத் தாண்டினால் வேரிலுள்ள பழுப்பு நிறப் பொருள்களும் இறங்கி, சிவப்பு செங்கல் நிறமாகிவிடும். சுண்ணாம்புச் சத்துள்ள நீர் இதற்கு நல்லது. மென்னீர் என்றால் ஒரு சிட்டிகை சுண்ணாம்புக்கல் பொடி போடலாம். சாயவேரும் மஞ்சிட்டியும் இதே தாவரக் குடும்பம்தான். ஆனால் அவற்றின் நிறப்பொருள்களின் கலவை வேறு, மாதிரி போட்டுத்தான் சூட்டைத் தீர்மானிக்க வேண்டும்.

நீலத்துக்கு 10 லிட்டர் தொட்டியில் 50 கிராம் அவுரி நீலம், 100 கிராம் நீற்றிய சுண்ணாம்பு, 150 கிராம் பழச்சர்க்கரை (ஃபிரக்டோஸ்). ஒன்றுக்கு இரண்டு, மூன்று என்ற விகிதம். 50 டிகிரியில் கலக்கி மூடிவைத்தால் மேலே செம்புநிற ஏடு படியும், கீழே நீர் பச்சை கலந்த தேன் நிறத்தில் தெளியும். தெளியாமல் நீலமாகவே இருந்தால் நீலம் இன்னும் கரையவில்லை. சூடும் நேரமும் கொடுங்கள். நனைத்த நூலை 3 முதல் 5 நிமிடம் முக்கி, 10 முதல் 15 நிமிடம் காற்றில் விட்டு, இப்படி 6 முதல் 8 முறை. ஒரே முறையில் அரை மணி நேரம் ஊறவிட்டால் அடர்த்தியாகத் தெரியும், ஆனால் நிறம் மேலோடு நின்று கையில் ஒட்டும். கடைசியில் சில துளி வினிகர் கலந்த நீரில் அலசிச் சுண்ணாம்பை எடுத்துவிடுங்கள். பருத்தியும் அவுரி நீலமும் சேர்ந்த மிகப் பழைய சான்று பெருவின் உவாக்கா பிரியேட்டாவில் கிடைத்தது, சுமார் 6,000 ஆண்டுப் பழமை. பருத்தி நூலுக்கே அதைவிட மூத்த சான்று இன்றைய பாகிஸ்தானிலுள்ள மெஹர்கரில் உண்டு: ஒரு செம்பு மணிக்குள் சிக்கி, உலோக உப்பில் ஊறிக் கல்லாகிப்போன இழைகள், கி.மு. 6ஆம் ஆயிரமாண்டைச் சேர்ந்தவை.

சிவப்பும் நீலமும் வந்தபின் அவற்றைச் சட்டென்று நிறுத்துவதற்கும் வரலாற்றில் ஒரு காரணம் உண்டு. இங்கிலாந்து 1700இல் சாயமிட்ட, அச்சிட்ட இந்தியப் பருத்தித் துணியின் இறக்குமதியைத் தடுத்தது. 1721இல் அத்தகைய பருத்தித் துணியை உடுத்துவதையே தடை செய்தது. உடுத்தும் தடை 1774இல்தான் நீங்கியது. வண்ணப் பட்டைகள் ஒரே ஓட்டத்தில் அறுந்து வெறும் வெள்ளையாவது போதும், விளக்கம் தேவைப்படாது.

கறுப்பு வேண்டுமென்றால் கடுக்காய் ஏறிய நூலை இரும்பு உப்பில் தோய்ப்பார்கள். இரும்பு உப்பு நூலின் எடையில் 2 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். இரும்பும் துவர்ப்பும் சேர்ந்தால் நாளாக நாளாக இழை அரிக்கும். பழைய ஓவியத் துணிகளில் கறுப்புக் கோடு இருந்த இடம் மட்டும் பொடிந்து ஓட்டையாகியிருப்பது இதனால்தான். கறுப்பை ஊடையில் மட்டும் வையுங்கள், பாவில் வேண்டவே வேண்டாம். மஞ்சள் கிழங்கின் நிறம் சுவரில் சில வாரமே தங்கும். தாமிர உப்பு, குரோமிய உப்பு இரண்டையும் தொடாதீர்கள்; சூழலைப் பற்றிப் பேசும் துணியின் கழிவுநீர் சாக்கடையில் நஞ்சாகப் போவதில் பொருளில்லை.

சாயமே இல்லாத நிறமும் உண்டு: இயற்கையிலேயே பழுப்பு, பச்சை நிறத்தில் விளையும் பருத்தி. சலவைச் சோடாவில் வேகவைத்ததும் இரண்டும் நன்றாகக் கருக்கும். நெய்வதற்கு முன் சிறு துண்டை வேகவைத்துப் பார்த்துவிட்டுத்தான் நிறத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். பச்சை வெளிச்சத்தில் மங்கும், பழுப்பு ஓரளவு தாங்கும். இரண்டும் குட்டை இழைதான்.

கொட்டையோடு சேர்ந்த பஞ்சைத் துணியில் வைக்க விரும்பினால் அதற்கும் இடம் உண்டு. ஹிர்சூட்டத்தின் கொட்டையில் நீள இழைக்கு அடியில் குறும்பஞ்சு ஒட்டியிருக்கும், இரு உருளைக்கிடையே விட்டு எளிதில் பிரிக்க முடியாது. அமெரிக்கர் எலி விட்னியின் பல் உருளை இயந்திரம் (காப்புரிமை 1794) அதைத்தான் தீர்த்தது. தீர்த்ததும் தோட்டங்கள் பெருகின, அடிமை முறை இறுகியது: அமெரிக்காவில் 1790இல் சுமார் 7 லட்சமாக இருந்த அடிமைப்பட்ட மக்களின் எண்ணிக்கை 1860இல் ஏறத்தாழ 40 லட்சம். உழைப்பைக் குறைத்த கருவி என்று பள்ளிப்பாடம் சொல்லும். யாருடைய உழைப்பை என்று கேட்க வேண்டியிருக்கிறது. கொட்டையிலிருந்து இழையைச் சிறிது இழுத்து, இரண்டு பாவிழைகளைச் சுற்றிக் கம்பள முடிச்சாகப் போட்டால் கொட்டை முகப்பில் தொங்கும். ஆனால் தறியில் வைத்தே போட்டுவிட்டுப் பிறகு துவைத்தால் கொட்டை ஊதி, பழுப்புக் கறை இறக்கி, பூஞ்சணமும் பிடிக்கும். துணியைத் துவைத்துக் காயவைத்த பின் ஊசியால் கோத்து முடியுங்கள். அதற்கு முன் கொட்டைகளைக் காற்றுப் புகாத பையில் இட்டு, மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் உறையவிட்டால் உள்ளே இருக்கும் புழு சாகும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் விடுங்கள், இல்லாவிட்டால் ஈரம் கோத்துக்கொள்ளும். கொட்டையில் எண்ணெய் இருப்பதால் சில மாதங்களில் துணியில் மஞ்சள் வட்டம் வரலாம். முடிச்சை நீளமாக விட்டுக் கொட்டை துணியில் படாமல் தொங்கச் செய்வது ஓரளவு காக்கும்.

நீரைப் பற்றிப் பேச மத்திய ஆசியாவின் ஏரல் கடலைவிடத் தெளிவான சான்று இல்லை. 1960களிலிருந்து ஆமு தாரியா, சிர் தாரியா ஆறுகளின் நீர் பெரும்பகுதியும் பருத்திப் பாசனத்துக்குத் திருப்பப்பட்டது. கடல் என்று பெயர் பெற்ற, உலகின் நான்காவது பெரிய ஏரியான அது சுருங்கி 1987இல் இரண்டாகப் பிளந்தது. நெசவில் இதை ஊடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் காட்டலாம்: செ.மீ.க்கு 14 ஓட்டத்திலிருந்து 10, 6, 3 என்று இறங்கி, கடைசியில் பாவு மட்டும். வெறுமனே இடைவெளி விட்டால் துவைத்ததும் ஊடை நழுவி ஒரு பக்கம் குவியும். அதனால் 6க்குக் கீழே வந்ததும் பாவிழைகளைப் பின்னிக் கட்டுங்கள். இடப்பக்க இரண்டிழையை வலப்பக்க இரண்டின் மேல் கையால் குறுக்கே கொண்டுவந்து, ஒரு தட்டைக் குச்சியில் கோத்து, வரிசை முடிந்ததும் குச்சியை நிமிர்த்தி அந்த வழியே ஊடையை விட்டு, குச்சியை உருவிவிடுங்கள். அடுத்த ஓட்டம் சாதாரணம். அது பின்னலைப் பூட்டிவிடும். பாவைச் சற்றுத் தளர்த்தாமல் செய்தால் ஓரத்து இழைகள் அறும்.

எண்களைத் துணியிலோ அருகிலுள்ள குறிப்பிலோ எழுதுவதாக இருந்தால் கவனம். கிலோவுக்கு 20,000 லிட்டர் நீர், உலகப் பூச்சிக்கொல்லியில் கால் பங்கு என்றெல்லாம் சுற்றிவரும் கணக்குகள் பழையவை அல்லது மூலம் தெரியாதவை. நீருக்குப் பரவலாகச் சொல்லப்படும் உலகச் சராசரி, கிலோ பருத்தித் துணிக்குச் சுமார் 10,000 லிட்டர். அதில் மழைநீரும் அடக்கம். மானாவாரிப் பருத்திக்கும் பாலைநிலப் பாசனப் பருத்திக்கும் நடுவே மலையளவு வேறுபாடு, சராசரி அதை மறைத்துவிடும். உங்கள் துணி 200 கிராம்கூட வராது. 'நீடித்த' என்று அதற்குப் பெயர் வைப்பதைவிட, எந்த இனம், மானாவாரியா பாசனமா, யார் நூற்றது, எதில் தோய்த்தது என்று தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். தெரியாத இடத்தில் 'ஆலை நூல், மூலம் தெரியாது' என்று போடுவதே நேர்மை. இந்தத் தலைப்பில் அதுவும் ஒரு செய்திதான்.

முடித்தல். 40 டிகிரி நீரில் மென்சோப்பில் அலசி, முறுக்காமல் துண்டில் சுருட்டிப் பிழிந்து, சமதளத்தில் காயவையுங்கள். கஞ்சி போட்டிருந்தால் முழுதும் போகும்வரை அலச வேண்டும். மிச்சமிருந்தால் கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் தேடிவரும். மேல் ஓரத்தில் 5 செ.மீ. பருத்தி நாடாவைத் தைத்து, அதன்மேல் வெல்க்ரோ வைத்தால் எடை அகலம் முழுதும் பரவும். இரண்டு மூலையில் ஆணி அடித்தால் ஒரு வருடத்தில் நடுவே தொய்யும். மரச்சட்டம் துணியில் நேரடியாகப் படக் கூடாது, மரத்தின் அமிலம் மஞ்சளாக்கும். வெளிச்சம் 50 லக்ஸுக்குள் (லக்ஸ் என்பது ஒளியின் அளவு) இருக்கட்டும். முறுக்குப் பட்டைகள் தெரிய விளக்கு பக்கவாட்டிலிருந்து, சுவரோடு சாய்வாக விழ வேண்டும்; நேர் விளக்குப் போட்டால் அத்தனை உழைப்பும் வெறும் வெள்ளைத் துணியாகிவிடும். எடுத்து வைக்கும்போது மடிக்காமல், 8 முதல் 10 செ.மீ. விட்டமுள்ள குழாயில் அமிலமில்லாத தாள் சுற்றி, முகப்பு வெளியே இருக்கும்படி உருட்டுங்கள். கொட்டை கோத்த பகுதி உருட்டுக்குள் அழுந்தினால் எண்ணெய் இறங்கும், அந்த முனையைக் கடைசியாக வரும்படி வைத்து மேலே எதுவும் சுற்றாமல் விட்டுவிடுங்கள்.